சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: எளிய எண்ணிம இரட்டை – குண்டனி நாட்டை முன்வைத்து

முன்னுரை

இயங்கும் அமைப்பொன்றின் தரவுகளைத் தொடர்ந்து பெற்று, அதன் நிலையைக் கணினியில் காட்டும் மெய்நிகர்ப் படி எண்ணிம இரட்டை எனப்படுகிறது. படியில் சோதித்தறிந்த முடிவு மூல அமைப்பை நெறிப்படுத்தத் திரும்புவதால் இது வெறும் மாதிரியினின்று வேறுபடுகிறது. வலைப்பின்னல்களுக்கான இரட்டையின் கட்டமைப்பைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2022இல் ஒய்.3090 என்னும் பரிந்துரையில் வகுத்தது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 பிப்ரவரியில் அறிவித்த எண்ணிம இரட்டை முன்னெடுப்பு 'சங்கம்' என்றே பெயர் பெற்றது.

நிலக்கோபுரம், வான்கலம், செயற்கைக்கோள் ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் வருந்தலைமுறை வலைப்பின்னலுக்கு முழுமையான படி அமைக்கப் பெருங்கணிப்பாற்றல் வேண்டும். எனவே எளிய இரட்டைகள் நாடப்படுகின்றன. எதனை விடுவது என்பதே அவற்றின் மையச் சிக்கல். இதனை நன்னூல் வழி நின்று இக்கட்டுரை ஆராய்கிறது.

குற்றமும் அழகும்

பவணந்தியார் நூற்குற்றம் பத்தனுள் குன்றக் கூறலை முதலிலும் மிகைபடக் கூறலை அடுத்தும் வைக்கிறார். நூலழகு பத்தனுள் சுருங்கச் சொல்லல் முதலாவதாகும். குன்றலும் சுருங்கலும் அளவால் ஒத்தவை, பயனால் வேறானவை. சுருங்கியதில் பொருள் குறையாது நிற்கும். குன்றியதில் பொருளே கெடும்.

குண்டனி நாடு

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் 'நாடு' எனப் பெயர்பெற்ற பகுதிகளுள் ஒன்று குண்டனி நாடு. மலைநிலத்தில் அருகருகே உள்ள இரு குடியிருப்புகளுக்கிடையே ஒரு முகடு நின்றாலும் வானலை தடைபடும். இத்தகைய நிலத்திற்கான இரட்டை கிடைத்தொலைவை மட்டும் கொண்டால் அது குன்றக் கூறல். மரந்தோறும் இலையடர்த்தியைக் கணக்கிட்டால் மிகைபடக் கூறல். நில உயரம், சரிவு, கோபுரத்தின் மின்னிருப்பு, இணைப்பின் கொள்ளளவு, பயன்பாட்டுச் சுமை ஆகியவற்றைக் கொள்வது சுருங்கச் சொல்லலாக அமையும்.

தரவைச் சராசரியாக்கிக் குறைப்பதில் மற்றொரு குற்றம் மறைந்துள்ளது. பயன்பாடு குறைந்த சிற்றூரின் துண்டிப்பு வட்டாரச் சராசரியில் புலப்படாது. அலை எட்டாமையால் பயன்பாடு குறைந்திருக்க, தேவையே இல்லை என இரட்டை கொள்ளவும் கூடும். அவ்வாறு கொண்டால், செயற்கைக்கோள் வழி மாற்றிணைப்பு அமைப்பிலிருந்தும் அவ்வூருக்குத் திருப்பப்படாது. படியில் விடுபட்டது நிலத்திலும் விடுபடும்.

முடிவுரை

'எடை குறைந்த இரட்டை' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது விடுதலின் நெறியைச் சுட்டவில்லை. 'சுருங்கிய எண்ணிம இரட்டை' என்னும் கலைச்சொல் அந்நெறியையும் உணர்த்தும். விரிந்த படி தரும் முடிவையே சுருங்கிய படியும் தருகிறதா என்பது அதற்குரிய தேர்வு. அத்தேர்வு வட்டாரத்தின் மொத்தத்திற்கு மட்டுமன்றி, பயன்பாடு மிகக் குறைந்த ஊர்களுக்குத் தனியாகவும் நடத்தப்படல் வேண்டும்.