லேசரா, எல்.ஈ.டி.யா?

உடப்புசல்லாவையில் கொழுந்து சுமந்து மூட்டுநோவு கண்டவர்கள் பலர். அவர்களை நம்பி ஒளிச் சிகிச்சைக் கருவியில் முதல் போட நினைக்கும் வியாபாரிகள் கவனிக்க.

1967 இல் ஹங்கேரிய மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், லேசர் பட்ட எலிகளுக்கு முடி விரைவாக வளர்வதைக் கண்டார். அன்றிலிருந்து லேசருக்கே மவுசு, விலையும் அதற்கேதான். ஆனால் அலைநீளமும் தோலில் படும் ஒளியின் அளவும் ஒன்றானால் எல்.ஈ.டி.யும் ஈடுகொடுக்கும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. லேசர் சிறு இடத்தில் குவியும். வலுவானதென்றால் கண்ணுக்கு ஆபத்து, காப்புக்கண்ணாடி வேண்டும். எல்.ஈ.டி. அகலமாகப் படரும், முதுகுக்குத் தோது.

பெட்டியிலுள்ள பெரிய 'வாற்' இலக்கத்தில் மயங்காதீர்கள். சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை மில்லிவாற் ஒளி என்று கேளுங்கள். 50 என்றால் 80 செக்கனில் 4 யூல் கிடைக்கும்.

மருத்துவக் கருவியாக விற்பதானால், 2015 இன் 5 ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் அது பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றின் பிரதியைக் காட்டாத மொத்த வியாபாரிக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.