விதைநெல்லும் ஒலிபெருக்கியும்: ஒரு பயிர் விஞ்ஞானியிடம் நாம் கற்கும் பாடம்



இந்த மாதக் கிளை வகுப்புக்கு ஒரு பயிர் விஞ்ஞானியின் வாழ்க்கையைப் பாடமாக எடுத்திருக்கிறேன். "பயிருக்கும் நம்ம இயக்கத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று போன வாரமே ஒரு தம்பி கேட்டுவிட்டார். சம்பந்தம் இருக்கிறது. சுங்கை செம்பிலாங்கில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்பனை. இந்த நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலில் நடப்பட்டதே நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917ஆம் ஆண்டு, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், தென்னமரம் தோட்டம். பெயரைப் பாருங்கள், தமிழ்ப் பெயர்! உழைத்தவர்களும் நம்மவர்கள்தாம்.

ஆனால் அந்த மரத்தைப் பற்றிய அறிவு நம்மவர்களுக்கு எவ்வளவு கிடைத்தது? ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். 1981க்கு முன்பு செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தை ஆட்கள்தாம் தூவ வேண்டும். என் அம்மா அந்த வேலை செய்தவர். "பூவுக்கு மாவு அடிக்கிற வேலை" என்பார். 1981இல் ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். மகரந்த வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. நாட்டுக்குப் பெரிய லாபம். அம்மாவுக்கு மட்டும், "நாளையிலிருந்து இந்த வேலை கிடையாது" என்று மண்டோர் வந்து சொன்னதோடு சரி. ஏன், எதற்கு என்று யாரும் விளக்கவில்லை. விஞ்ஞானம் தோட்டத்துக்குள் வந்தது. லயத்து வீட்டுக்குள் வரவில்லை.

இந்த இடைவெளியைக் கண்டுகொண்டு, அதை அடைக்கத் தன் கடைசிக்கால உழைப்பைக் கொடுத்தவர்தான் நம் பாடத்தின் நாயகர், எம்.எஸ். சுவாமிநாதன்.

கும்பகோணத்தில் 1925இல் பிறந்தவர். 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்ததைப் பார்த்துவிட்டு, வேளாண்மை படிப்பது என்று முடிவு செய்தார். கோயம்புத்தூரிலும் டில்லியிலும் படித்தார். இடையில் போலீஸ் உயர் அதிகாரி ஆகும் ஐ.பி.எஸ். வாய்ப்பும் கைக்கு வந்தது. அதை விட்டுவிட்டு நெதர்லாந்துக்குப் போய் உருளைக்கிழங்கின் மரபியலை ஆராய்ந்தார். 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இந்தியாவுக்கு வந்ததே, அந்தப் பசுமைப் புரட்சியின் முன்னணி விஞ்ஞானி அவர். பிறகு பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகத்துக்கு 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநர். 1987இல் உலக உணவுப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அது அவருக்குத்தான்.

இவ்வளவும் போதும் என்று ஓய்வெடுத்திருக்கலாம். அவர் அந்தப் பரிசுப் பணத்தைக் கொண்டு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். 1998இல், தம் 72ஆம் வயதில், அந்த நிறுவனத்தின் வழியாகப் புதுச்சேரிக் கிராமங்களில் ஒரு வேலையை ஆரம்பித்தார். நெல் ஆராய்ச்சி அல்ல. கணினி!

அந்தக் கணினித் திட்டத்தைத்தான் நாம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். வில்லியனூரில் ஒரு தலைமை மையம், சுற்றுக் கிராமங்களில் அறிவு மையங்கள். ஒழுங்கான தொலைபேசி வசதி இல்லாத இடங்களுக்கு வானொலி அலை மூலம் தகவல் அனுப்பினார்கள். மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால் சூரிய சக்தி. இயந்திரம் பெரிய விஷயமில்லை, அதை வைத்த முறைதான் பெரிது. அதில் மூன்று ஒழுங்குகளை நான் காண்கிறேன்.

முதலாவது, கேட்டுவிட்டுக் கொடுப்பது. கணினியை இறக்குவதற்கு முன்பு, "உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று வீடு வீடாக விசாரித்தார்கள். காய்கறி விலை, அரசாங்க உதவித் திட்டம், வைத்தியம் என்று தேவைகள் வந்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினி எதிரே உட்காரத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது, எல்லாருக்கும் கதவு திறப்பது. மையம் வேண்டும் என்றால் ஊரார் பொது இடம் தர வேண்டும். எந்தச் சாதிக்காரரும் உள்ளே வர அனுமதிக்க வேண்டும். எம்பலம் கிராமத்தில் கோயிலைச் சேர்ந்த இடத்திலேயே மையம் அமைந்தது. அந்தக் கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்தவர்கள்கூட, பக்கத்துக் கதவு வழியாக அறிவு மையத்துக்குள் வந்தார்கள். இந்து இளைஞர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். பெருமையாகவும் இருக்கிறது, சுருக்கென்றும் இருக்கிறது.

மூன்றாவது, ஊர்க்காரரே நடத்துவது. பெரிய பட்டதாரிகளைக் கொண்டுவந்து உட்கார வைக்கவில்லை. அந்தந்த ஊர்ப் பெண்கள் பலர் தொண்டர்களாகக் கணினி பழகி மையங்களை நடத்தினார்கள்.

இதன் பலன் 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. நல்லவாடு என்ற மீனவ கிராமம். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்ததும் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். உடனே அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்புக் கொடுத்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆயிரக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. அதே நாளில் நம் நாட்டில் 68 பேர் இறந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கரையோரத்தில் வாழ்கிற நமக்கு இது தூரத்துக் கதை இல்லை.

"அவர் இந்தியாவில் செய்தார், நம்ம ஊரில் யார் இருக்கா?" என்கிறீர்களா? இருக்கிறார். கஜராஜ் தனராஜன், மலேசியத் தமிழர், உயிரியல் படித்தவர். 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்காக 1971இலேயே தொலைதூரக் கல்வியைக் கொண்டுவந்தது. அங்கே உயிரியல் துறையில் இருந்த அவர் அந்தக் கல்வி முறைக்கு மாறினார். பிறகு ஹாங்காங் திறந்தநிலைக் கல்விக் கழகத்தை வழிநடத்தினார். 1995 முதல் 2004 வரை, கனடாவில் இருக்கும் காமன்வெல்த் கற்றல் அமைப்பின் தலைவர். நாடு திரும்பி, பினாங்கு வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். பாடநூல்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற திறந்தநிலைக் கல்வி வளங்களைப் பற்றி ஆசிய அளவில் ஆராய்ந்து, 2013இல் ஒரு தொகுப்பு நூலும் கொண்டுவந்தார்.

துறை மாறினால் படித்தது வீணாகிவிடும் என்று நம் பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். இந்த இருவரையும் காட்டுங்கள். பயிரைப் படித்தவருக்கு ஒன்று தெரியும்: விதை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, மண், தண்ணீர், பருவம் எல்லாம் சேர வேண்டும். கல்வியும் அப்படித்தான். பாடம் விதை, பிள்ளையின் வீடு மண். மண்ணைப் பார்க்காமல் விதைக்கக் கூடாது என்பதை அவர்கள் புதுத் துறைக்கும் கொண்டுபோனார்கள்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாமே பார்த்தோம். பள்ளி கைப்பேசிக்கு மாறியது. மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான். பாடம் புலனத்தில் வந்தது, பிள்ளைக்கு வரவில்லை. இன்று கிட்டத்தட்ட எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து "இங்க பாருப்பா" என்று சொல்ல ஆள் இருக்கிறாரா? அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும்.

நம் கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்குக் குறைவில்லை. வாரம் இரண்டு மாலை அதே மண்டபம் வித்யாதானத்துக்குத் திறக்கட்டும். ஒரு கணினி, இணைய இணைப்பு, இரண்டு தொண்டர்கள் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

எஸ்.பி.எம். சரியாக வரவில்லை என்று செம்பனை லாரி ஓட்டுகிற அண்ணன்களுக்கும் வழி உண்டு. ஏப்பல் எனப்படும் அனுபவக் கல்வி அங்கீகார முறையில், வேலை அனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டில் தேறி, 20 வயதுக்கு மேல் டிப்ளோமாவுக்கும் 21 வயதுக்கு மேல் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒன்று: இயங்கலைப் படிப்பு எதுவாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தை நம்பி உழைத்த காசைக் கொட்ட வேண்டாம்.

கிளைக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் வட்டாரத்தில் பத்து வீடுகளுக்குப் போய், "உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். பதில்களை எழுதிக் கொண்டுவாருங்கள்.

2. நம் கோயில் மண்டபத்துக்கு வரத் தயங்குகிறவர்கள் யார்? ஏன் தயங்குகிறார்கள்?

3. கைப்பேசி இல்லாத பாட்டிக்கும் ஒரு அவசரச் செய்தி பத்தே நிமிடத்தில் சேர வேண்டும். நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது?

முதல் கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் அடுத்த கூட்டத்துக்கு வரக் கூடாது, சொல்லிவிட்டேன். கணினி வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.