வீசுவதா, கொடுப்பதா?

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக.

கூடைப்பந்தாட்டத்தில் ஒரு குழுவுக்கு ஐவர் களத்தில் ஆடுவர், பந்தோ ஒன்றுதான். பந்து கைக்கு வந்ததும் தாமே கூடையை நோக்கி வீசுவதா, நல்ல இடத்தில் நிற்கும் தோழருக்குக் கொடுப்பதா என்பதை ஆட்டக்காரர் நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும். பந்தைப் பெற்ற குழு 24 விநாடிக்குள் கூடையை நோக்கி வீசியாக வேண்டும் என்பது விதி. ஆகவே, நின்று நிதானமாகச் சிந்திக்க அங்கு நேரமில்லை. கால்களில் வேகமும் தோளில் வலிமையும் உள்ள இளம் நட்சத்திரத்திற்கு இக்கேள்வி பெரிதாகத் தோன்றாது; பெரும்பாலும் அவரே வீசுவார், புள்ளியும் கிடைக்கும். வயது ஏறும்போதுதான் இது கடினமான கேள்வியாகிறது.

பந்தை வீசும் வலிமை கையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. முழங்காலை மடக்கி, தரையை உந்தி எழும்போது கால்களிலிருந்தே அது தொடங்குகிறது. கால்கள் களைத்துவிட்டால் குறி சரியாக இருந்தாலும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பிவிடும். முப்பது வயதைக் கடந்த ஆட்டக்காரருக்கு ஓர் ஆட்டத்தின் களைப்பு மறுநாளும் எளிதில் தீராது. ஆனால், உடல் தளரும் அதே காலத்தில் அனுபவம் முதிர்கிறது. எதிரணியினர் எப்பக்கம் நகர்வர், எந்தத் தோழர் அடுத்த நொடியில் தனித்து நிற்பார் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்துகொள்கிறார்.

கோல சிலாங்கூர் வட்டாரத்து மாணவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்தின் தென்னமரத்தில்தான் உருவானது. உயர்ந்து வளர்ந்த செம்பனை மரத்தில், நீண்ட கழியில் பொருத்திய அரிவாளால் குலை வெட்டுவதற்குத் தோள் வலிமை வேண்டும். எந்தக் குலை பழுத்தது, வெட்டினால் எப்பக்கம் விழும் என்று அறிவதற்கோ பழகிய கண் வேண்டும். தோள் தளர்ந்த மூத்த தொழிலாளி, தொழில் தெரியாதவர் ஆகிவிடுவதில்லை. அவர் சொல் கேட்டு இளையவர் வெட்டும்போது இருவர் திறனும் ஒன்று சேர்கிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்காக 20 பருவங்கள் ஆடியவர் மறைந்த கோபி பிரையன்ட். புள்ளி குவிப்பதில் பெயர் பெற்ற அவர், 2013ஆம் ஆண்டு ஜனவரியில் தம் ஆட்டத்தை மாற்றிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 34. அணியோ தொடர்ந்து தடுமாறிக்கொண்டிருந்தது. தோழர் புள்ளி எடுக்கும்படி பந்தைக் கொடுப்பதை ‘அசிஸ்ட்’ என்பர். அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் அவர் தலா 14 அசிஸ்டுகளும், மூன்றாவது ஆட்டத்தில் 11 அசிஸ்டுகளும் கொடுத்தார். மூன்று ஆட்டங்களிலும் அணி வென்றது.

ஆயினும், அப்பருவத்தின் இறுதியில் அணியைக் கரை சேர்க்கும் சுமை மீண்டும் அவர் தோளிலேயே விழுந்தது. ஏறக்குறைய முழு ஆட்ட நேரமும் களத்தில் நின்று ஆடிவந்த அவருக்கு, ஏப்ரல் 12ஆம் நாள் குதிகால் தசைநார் அறுந்தது. அதன்பின் பழைய வேகம் திரும்பவில்லை. அவரது கடைசிப் பருவத்தில் அவர் வீசிய பந்துகளில் நூற்றுக்கு 36கூடக் கூடைக்குள் விழவில்லை. அணி 82 ஆட்டங்களில் 17 ஆட்டங்களை மட்டுமே வென்றது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் நடந்த தமது இறுதி ஆட்டத்தில் அவர் 60 புள்ளிகள் எடுத்ததைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். அதற்காக அவர் 50 முறை வீசினார் என்பதை நினைப்பவர் குறைவு. அந்த ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் அவர் செய்தது என்ன தெரியுமா? முன்னே ஓடிய 23 வயது ஜோர்டன் கிளார்க்சனுக்குப் பந்தை நெடுந்தொலைவு வீசிக் கொடுத்தார். அவரது ஆட்ட வாழ்வு ஓர் அசிஸ்டோடு நிறைவு பெற்றது.

அதே அணிக்குப் பின்னர் வந்த லெப்ரோன் ஜேம்ஸ் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். 2019–2020 பருவம் அவருக்கு 17ஆவது பருவம். 35 வயதும் நிறைந்திருந்தது. அப்பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி 10.2 அசிஸ்டுகள் கொடுத்து, வாழ்வில் முதன்முறையாக அத்துறையில் முதலிடம் பெற்றார். அணியில் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்தவர் அவரல்லர். அவரைவிட இளையவரான அந்தோணி டேவிஸ். அவ்வாண்டு அணி வெற்றியாளர் பட்டத்தை வென்றது. கொடுத்ததால் லெப்ரோனின் சொந்தச் சாதனை குறைந்துவிடவுமில்லை. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளிகளைக் கடந்து, அப்போட்டி வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்தவர் ஆனார்.

அப்படியானால், வயதான நட்சத்திரம் எப்போதும் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அதுவும் சரியன்று. ஓர் ஆட்டக்காரர் வீசமாட்டார் என்று தெரிந்துவிட்டால், எதிரணியினர் அவரை விட்டுவிட்டு அவருடைய தோழர்களைச் சூழ்ந்துகொள்வர். பிறகு பந்தைக் கொடுக்க வழியே இராது. அவர் வீசக்கூடும் என்ற அச்சம் இருக்கும்போதுதான் இருவர் அவரைத் தடுக்க ஓடி வருவர். அப்போதுதான் ஒரு தோழர் தனித்து நிற்பார். ஆகவே, வீசும் திறனே கொடுக்கும் திறனுக்கு முதலீடு. மேலும், தோல்விக்கு அஞ்சிக் கடைசி நொடியில் பந்தைப் பிறர் கையில் திணிப்பது பெருந்தன்மை ஆகாது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே ஆகும்.

எத்தனை முறை வீசுவது, எத்தனை முறை கொடுப்பது என்று எண்ணி வகுக்க இயலாது. தம்மை ஒருவர் மட்டும் தடுக்கும்போது வீசலாம். இருவர் வந்தால் கொடுக்கலாம். ஆட்டத்தின் தொடக்கத்தில் தோழர்களுக்குப் பந்து கொடுத்து அவர்களின் நம்பிக்கையை வளர்த்து, கால்களின் வலிமையை இறுதிக் கட்டத்திற்குச் சேமிக்கலாம்.

இப்பாடம் உலக நட்சத்திரங்களுக்கு மட்டும் உரியதன்று. ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் என எவ்வூர்ப் பள்ளிக் குழுவிலும் திறமைமிக்க படிவம் 5 மாணவர் ஒருவர் இருக்கக்கூடும். பந்து எப்போதும் அவரிடமே வரும். அவரும் புள்ளிகளைக் குவிப்பார். குழு கிண்ணத்தை வெல்லவும் கூடும். ஆண்டிறுதியில் அவர் எஸ்.பி.எம். தேர்வெழுதிவிட்டுப் பள்ளியை விட்டுச் செல்வார். மறுஆண்டு ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது, இறுதிப் பந்தை வீசிப் பழகியவர் குழுவில் ஒருவரும் இருக்கமாட்டார். முந்தைய ஆண்டில் படிவம் 2 மாணவர் ஒருவருக்குச் சில முறையேனும் அவ்வாய்ப்பைக் கொடுத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். அவர் தவறவிட்டிருக்கலாம், ஓர் ஆட்டம் கைநழுவியும் போயிருக்கலாம். அந்த இழப்பு, குழு தன் எதிர்காலத்திற்குச் செலுத்தும் விலையாகும்.

தனிமரம் தோப்பாகாது என்பர். அதே வேளையில், மூத்த மரம் நிழல் தருவதோடு நின்றுவிடாமல், கன்றுகளுக்கு வெயில் கிடைக்கவும் இடம் விட வேண்டும். தமக்கு வலிமை உள்ளபோதே பிறரையும் வல்லவராக்குபவரே குழுவுக்கு நெடுநாள் பயன் தருபவர். பந்து ஒன்றாயினும், அதைக் கையாளக் கற்ற கைகள் பலவாக வேண்டும்.

பின்வரும் வினாக்களுக்கு விடையளித்திடுக.

1. வயது ஏறும் ஆட்டக்காரர் இழப்பது என்ன? பெறுவது என்ன?
2. ‘வீசும் திறனே கொடுக்கும் திறனுக்கு முதலீடு’ எனக் கட்டுரையாளர் கூறுவதன் காரணத்தை விளக்கிடுக.
3. கோபி பிரையன்ட், லெப்ரோன் ஜேம்ஸ் ஆகிய இருவரின் பிற்கால ஆட்ட முறைகளை ஒப்பிடுக.
4. இளையவருக்கு வாய்ப்பளிப்பதற்காக ஓர் ஆட்டத்தில் தோற்பது ஏற்புடையதா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.