கரண்ட் திரும்பி வந்தால் மெஷின் தானாக ஓடக்கூடாது



இந்தக் கிழமை எபிசோடில் சர்வர் விழுந்தால் தானாக எழும்ப வேண்டும் என்று நிறையக் கதைத்தோம். அதற்கு நேர் எதிரான பாடம் ஒன்று இருக்கு. அதைச் சொல்லித் தருவது ஒரு பழைய மரவேலை மெஷின்.

கிழமை நாட்களில் நான் கொன்ட்ராக்டில் கோட் எழுதுகிறவன். சனிக்கிழமைகளில் லா ஷப்பலில் இருந்து லா குர்நெவ் போய், தச்சு வேலை செய்யும் அண்ணா ஒருவரோடு சேர்ந்து, அவர் செகண்ட் ஹாண்டில் எடுத்த 'கொம்பினே' ஒன்றைத் திருத்துகிறேன். வாள், மரம் சீவுகிற உருளை, தடிப்பைச் சரிபண்ணுகிற பகுதி எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும் மெஷின் இது. நோர்மண்டியில் லூரெம், அல்சாஸில் கிட்டி போன்ற கம்பெனிகள் இந்த வகையைச் செய்து பிரான்ஸ் முழுக்க விற்றன.

1. நம்பரை வாசியுங்கள்

பெயாரிங்கைக் கழற்றித் துடைத்தால் ஒரு நம்பர் தெரியும். 6204 என்றால், கடைசி இரண்டு எண்ணை 5 ஆல் பெருக்குங்கள். உள் விட்டம் 20 மி.மீ. வெளி விட்டம் 47, அகலம் 14. (04 இலிருந்து மேலேதான் இந்தக் கணக்கு. 6203 என்றால் 17 மி.மீ.) மெஷின் செய்த கம்பெனி இன்றைக்கு இருக்கோ இல்லையோ, இந்த அளவு உலகம் முழுக்க ஒன்றுதான். பொதுத் தரத்தின் பலன் இதுதான்.

2. மோட்டர் தகட்டைப் பாருங்கள்

பழைய மோட்டர்கள் பலதும் த்ரீ பேஸ். எங்களிடம் இருப்பது சாதாரண 230 வோல்ட் சிங்கிள் பேஸ். நடுவில் இன்வெர்ட்டர் ஒன்றை வைத்தால் அது 230 வோல்ட் த்ரீ பேஸாக மாற்றித் தரும். தகட்டில் 220/380 என்று இருந்தால் மோட்டரை டெல்டாவில் இணைக்க வேண்டும். 380/660 என்று இருந்தால் அந்த இன்வெர்ட்டரால் முழுப் பலம் கிடைக்காது.

மோட்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் பழைய சுவிட்சை விடாதீர்கள். ஓடும்போது அங்கே வெட்டினால் இன்வெர்ட்டர் கெட்டுப்போகலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து பிறகு தொடுங்கள்.

3. முக்கியமான இடம்: ஸ்டார்ட் லொஜிக்

சாதாரண ஒன்/ஓஃப் சுவிட்சை இன்வெர்ட்டரில் பூட்டினால் என்ன நடக்கும்? ஓடும்போது கரண்ட் போகிறது. அண்ணா குனிந்து கத்தியில் சிக்கின தூளை விரலால் எடுக்கிறார். கரண்ட் வருகிறது. சுவிட்ச் இன்னும் ஒன்னில்தான் நிற்கிறது. பல இன்வெர்ட்டர்களில் மோட்டர் உடனே ஓடும். விரல் போய்விடும்.

ஆகவே மூன்று வயர் முறை. பச்சைப் பொத்தான் அமத்தும்போது மட்டும் இணையும். சிவப்புப் பொத்தான் எப்பவும் இணைந்தே இருந்து, அமத்தினால் துண்டிக்கும். கரண்ட் போனால் 'ஓடு' என்ற நிலை மறந்துபோகும். திரும்ப ஓட ஒரு மனிதர் பச்சையை அமத்த வேண்டும். புரோகிராமர் பாஷையில், லெவல் ட்ரிகர் இல்லை, எட்ஜ் ட்ரிகர். சிவப்பு வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும். பிழை வந்தால் பாதுகாப்பான பக்கம் விழுகிறது. செட்டிங்கில் 'தானாக மறுதொடக்கம்' என்பதையும் நிறுத்தி வையுங்கள். கூடவே, இன்வெர்ட்டருக்குப் போகும் கரண்டையே கொன்டாக்டர் வழியாக வெட்டும் காளான் பொத்தான் ஒன்று. அதை அமத்தினாலும் கத்தி கொஞ்ச நேரம் சுழலும், கையைக் கொண்டுபோகாதீர்கள்.

4. சோதனை

பெல்ட்டைக் கழற்றி மோட்டரை மட்டும் ஓட விடுங்கள். பிரேக்கரை இறக்குங்கள். ஒரு நிமிஷம் கழித்து ஏற்றுங்கள். மோட்டர் அசையக்கூடாது. அடுத்து, எல்லாம் அணைத்து, சார்ஜ் இறங்கிய பின் சிவப்பு வயரைக் கழற்றிவிட்டுப் பச்சையை அமத்துங்கள். அப்பவும் அசையக்கூடாது. இரண்டும் பாஸானால்தான் கத்தியைப் பூட்டலாம். கடைசி இணைப்பை எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

வீட்டுப்பாடம்: உங்கள் சிஸ்டத்தில் தானாக எழும்புகிறவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். வெப் சர்வர் எழும்பட்டும். பாதியில் நின்ற பணப் பரிமாற்றம்? டேட்டாவை அழிக்கிற ஸ்க்ரிப்ட்? எதெதற்கு ஒரு பச்சைப் பொத்தானும் ஒரு மனிதரும் வேண்டும் என்று குறித்து அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம்.