புரட்டாசி – ஐப்பசி: வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த பிள்ளைகளும் வீட்டாரும் இப்போது செய்ய வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளம் எழும்பி வரும் இந்த நாட்களில்தான் ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் சூடுபிடிக்கின்றன. 2022 ஜனவரியில் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 150 இடங்கள்தான். அங்கும் கிடைக்காமல், தனியார் கட்டணமும் கட்டுப்படியாகாமல் விமானம் ஏறிய பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆலோசனை. வீட்டாரும் சேர்ந்து படிக்க வேண்டும்.

முதல் வேலை காகிதங்கள். ரஷ்யாவில் விமான நிலையத்தில் தரும் மைக்ரேஷன் கார்டு சின்னத் தாள்தான். தொலைத்தால் பெரிய அலைச்சல். ஏழு வேலை நாட்களுக்குள் தங்குமிடப் பதிவு முடிய வேண்டும், விடுதி அலுவலகம் அதற்கும் முன்பே கேட்கும். மற்ற நாடுகளிலும் இப்படி ஒரு பதிவு இருக்கும், போன அன்றே விசாரியுங்கள். பதிவுக்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் என்றைக்குத் திரும்ப வரும் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். ஏஜென்டிடம் விட்டுவைக்கவே கூடாது. பாஸ்போர்ட், விசா, நீட் மதிப்பெண் அட்டை மூன்றையும் படமெடுத்து அப்பாவின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இந்திய வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் மாணவராக இந்த வாரமே பதிந்துகொள்ளுங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோதும், 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்களைக் கும்பல் தாக்கியபோதும் நம் பிள்ளைகள் தூதரகத்தின் அறிவிப்பைத்தான் நம்பி இருக்க வேண்டியிருந்தது. தூதரகத்தின் அவசர எண்ணை போனில் மட்டுமில்லை, பர்ஸிலும் எழுதி வையுங்கள். முதலாண்டில் வாடகை வீடு வேண்டாம், விடுதியே நல்லது.

இனி வகுப்பு. ரஷ்யா, கிர்கிஸ்தான் பக்கம் வராத நாளுக்கு 'என்பி' போடுவார்கள். ஒவ்வொரு என்பிக்கும் பிறகு ஆசிரியரைத் தேடிப் போய், விட்ட பாடத்தை ஒப்புவித்துச் சரிசெய்ய வேண்டும். அதை அத்ரபோத்கா என்பார்கள். தூங்கிப்போய் விட்ட நாலு வகுப்பு நவம்பரில் நாலு அத்ரபோத்காவாக வந்து நிற்கும். அதே வாரம் ஹிஸ்டாலஜி தேர்வும் இருக்கும். காய்ச்சலே ஆனாலும் டாக்டர் சீட்டு வாங்கிக்கொண்டு படுங்கள்.

நம் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள். ஆங்கிலம் ஒரு பக்கம், லத்தீன் பெயர்கள் ஒரு பக்கம், உள்ளூர் மொழி ஒரு பக்கம் என்று முதல் மாதம் மிரட்டும். பிடிஎஃப் படித்து அனாடமி ஏறாது. எலும்பைக் கையில் எடுங்கள். காறை எலும்பு வலப்பக்கத்ததா இடப்பக்கத்ததா என்று ஆரம்பத்திலேயே கேட்பார்கள். தடித்த முனை நெஞ்சுப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம். நெஞ்சையொட்டிய மூன்றில் இரண்டு பங்கு முன்பக்கம் புடைத்திருக்கும். நடுவில் ஓடும் பள்ளம் கீழே பார்க்க வேண்டும். மூன்றும் பொருந்தும்படி பிடித்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பிறகு சட்டைக் காலரை விலக்கி உங்கள் எலும்பையே தடவிப் பாருங்கள், மறக்காது. அன்றைய பாடத்தை அன்றிரவே சௌராசியாவின் அனாடமி புத்தகத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தியா திரும்பி எழுதப்போகும் எஃப்எம்ஜிஇ தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். பல தடவை ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர்தான் தேறியிருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டில் கோச்சிங் போய்க்கொள்ளலாம் என்று நினைப்பவர்களைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உள்ளூர் மொழி வகுப்பை யாரும் மதிப்பதில்லை. மூன்றாம் ஆண்டில் வார்டில் பாட்டி ஒருவர் எங்கே வலிக்கிறது என்று அந்த மொழியில்தான் சொல்வார். இப்போதே கடைக்காரரிடம் பேசிப் பழகுங்கள்.

கல்லூரியின் பாடத்திட்டக் கடிதத்தையும் இந்த மாதமே வாங்கிப் பாருங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது, பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும், 12 மாத இன்டர்ன்ஷிப் அதே கல்லூரியில் நடக்க வேண்டும். ஏதாவது இடித்தால் முதலாண்டிலேயே கேட்டுவிடுவது நல்லது.

குளிர். கோட்டும் பூட்ஸும் அங்கேயே வாங்குங்கள், சென்னையில் விற்பது அந்தக் குளிருக்குக் காணாது. பூட்ஸின் அடிப்பாகம் வழுக்காமல் பிடிக்க வேண்டும். பனி உறைந்த நடைபாதையில் விழுந்து கை ஒடிபவர்கள் அதிகம். ஈரத் தலையோடு வெளியே போகாதீர்கள். ஹீட்டர் போட்ட அறையில் உதடும் மூக்கும் காயும், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

வீட்டாருக்கு: மாஸ்கோ நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், ஜார்ஜியா ஒன்றரை மணி நேரம் பின்னால், பிஷ்கெக் அரை மணி முன்னால். காலையில் காட்டுக்குப் போகும் முன் மாஸ்கோவுக்குப் போன் போட்டால் பிள்ளை தூங்கும், மத்தியானம் போட்டால் வகுப்பில் இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுங்கள். முதல் மாதம் அழுதால் கேட்டுக்கொள்ளுங்கள். "எவ்வளவு கடன் வாங்கி அனுப்பினோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வாரக்கணக்கில் சாப்பிடாமல், தூங்காமல், வகுப்புக்குப் போகாமல் இருந்தால், அறையில் கூடத் தங்கும் பிள்ளையிடம் பேசி டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு வர டிக்கெட் போட வேண்டாம். ரஷ்யா போன்ற இடங்களில் ஜனவரியில்தான் முதல் செமஸ்டர் தேர்வு. மக்காச்சோளம் அறுத்துக் காசு கைக்கு வரும் தேதியையும் இரண்டாம் செமஸ்டர் கட்டணத் தேதியையும் இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் நாள் விழுந்தால் தவணை கேட்டு கல்லூரிக்கு இந்த மாதமே எழுதச் சொல்லுங்கள்.