பாட்டி, அம்மா, அடுத்து நானா?

கேள்வி: பாட்டியும் அம்மாவும் பீடி சுற்றிக்கொண்டே வெற்றிலையோடு புகையிலை போடுவார்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்தால், குளிருக்கு என்று ஒரு வாய் கூடுதல். எனக்கும் இது ரத்தத்திலேயே வந்துவிடுமா?
- ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: பழக்கம் அப்படியே ரத்தத்தில் வருவதில்லை. வேறொரு போதையை உதாரணமாகப் பாருங்கள்: அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இரட்டைச் சகோதரிகளிடம் கஞ்சாப் பழக்கத்தை ஆராய்ந்து, கென்னத் கெண்ட்லரும் கரோல் பிரெஸ்காட்டும் 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொட்டுப் பார்ப்பதில் மரபணுவோடு குடும்பச் சூழலுக்கும் பங்கு இருந்தது. விடமுடியாமல் சிக்குவதில் மரபணுவின் கைதான் ஓங்கியிருந்தது. புகையிலையிலும் மரபணு விளையாடுகிறது. நிக்கோட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஈஸ்ட்ரோஜன் அதை முடுக்கிவிடுவதால், சராசரியாகப் பெண்களுக்கு ஆண்களைவிட நிக்கோட்டின் சீக்கிரம் கரைகிறது.

ஆனால் பீடி சுற்றும் ஆலங்குளம், கீழப்பாவூர் பக்கம் சூழலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மடியில் தட்டு, தட்டில் புகையிலைத் தூள். ஆயிரம் பீடி முடிக்கும்வரை எழ முடியாது. அதற்குள் எடுக்கும் பசியை நிக்கோட்டின் மட்டுப்படுத்தும். போடாதவர் உடலிலும் தோல் வழியாக, மூச்சு வழியாக அது ஏறும். பெண் பீடி பிடித்தால் ஊரே பேசும். புகையிலை போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. (புற்றுநோய்க்கு இந்த நாகரிகம் தெரியாது. பாக்கு தனியாகவே புற்றுநோய்க் காரணிதான்.)

நீங்கள் தொடங்காமலே இருந்தால் மரபணுவுக்கு வேலையில்லை. அம்மாவின் வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். விட உதவும் இலவச எண்: 1800-112-356.