சிங்கப்பூரா, எஸ்டோனியாவா? வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட நாலு கேள்விகள்

"எந்த நாட்டுல வாழ்க்கை நல்லா இருக்கும்?" என்று போனில் தேடினால் ஒரு நொடியில் தரவரிசைப் பட்டியல் வந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியல் யாருடைய வாழ்க்கையை அளந்தது என்று நாம் கேட்பதில்லை. வெளிநாட்டுக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்புகிறவருக்கு அதுதான் முதல் கேள்வி. இரண்டு சின்ன நாடுகளை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம், வாங்க.

சிங்கப்பூரின் பரப்பு சுமார் 730 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை சுமார் 60 லட்சம். 1965-ல் தனி நாடானது. அங்கே தமிழும் ஆட்சிமொழி. எஸ்டோனியா வட ஐரோப்பாவில், பால்டிக் கடலோரம் இருக்கிறது. பரப்பு சுமார் 45,000 சதுர கிலோமீட்டர். மக்கள் 14 லட்சத்துக்கும் குறைவு. 1991-ல் சோவியத் யூனியனிடமிருந்து மீண்டும் விடுதலை பெற்றது.

1. கையில் எவ்வளவு வருது, எவ்வளவு நிக்குது?

தனிநபர் வருமானத்தில் சிங்கப்பூர் எஸ்டோனியாவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இதோடு நிறுத்தினால் கணக்கு முடிந்த மாதிரி தெரியும். ஆனால் செலவையும் பார்க்கணும். சிங்கப்பூரில் கார் வாங்க ஏலத்தில் உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மட்டும் செல்லும் அந்தச் சான்றிதழுக்கே நம்ம பணத்தில் பல லட்சம் ஆகும். எஸ்டோனியாவின் தலைநகர் தாலினிலோ, அங்கே பதிவு செய்து வசிப்பவர்களுக்கு 2013 முதல் நகரப் பேருந்தும் டிராமும் இலவசம்.

வீட்டு விஷயத்தில் சிங்கப்பூர் பெரிய சாதனை செய்திருக்கிறது. குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அந்த வீடுகள் 99 வருடக் குத்தகையில் கிடைக்கும்.

2. நமக்குன்னு எவ்வளவு நேரம் மிஞ்சும்?

எஸ்டோனியாவில் வழக்கமான வேலை வாரம் 40 மணி நேரம். வருடத்துக்கு 28 நாட்காட்டி நாட்கள் சம்பளத்தோடு விடுப்பு. சிங்கப்பூரின் வேலைச் சட்டத்தில் வார உச்சவரம்பு 44 மணி நேரம். முதல் வருடத்தில் குறைந்தபட்ச விடுப்பு 7 நாள். அது வருடத்துக்கு ஒரு நாள் கூடி 14 வரை போகும். குழந்தை பிறந்தால் எஸ்டோனியாவில் பெற்றோருக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் உதவித்தொகை கிடைக்கும். சிங்கப்பூரில் குடியுரிமை உள்ள குழந்தையின் தாய்க்கு 16 வாரம் சம்பள விடுப்பு. பெற்றோர் பகிர்ந்து எடுக்கும் விடுப்பு 2025 ஏப்ரலில் கூடுதலாகச் சேர்ந்தது.

ஆயுளில் சிங்கப்பூர் முன்னே நிற்கிறது. அங்கே சராசரி ஆயுள் சுமார் 83, எஸ்டோனியாவில் சுமார் 79. எஸ்டோனிய ஆண்கள் பெண்களைவிடச் சுமார் எட்டு வருடம் குறைவாக வாழ்கிறார்கள். சராசரி எண்ணை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

3. அரசு வேலை எவ்வளவு சுலபமா முடியுது?

இதில் இரண்டுமே கெட்டி. சிங்கப்பூரில் 2003-ல் வந்த 'சிங்பாஸ்' என்ற ஒரே அடையாளத்தில் வரி, மருத்துவம், வீடு என எல்லாச் சேவைக்கும் உள்ளே போகலாம். எஸ்டோனியா 2002-ல் டிஜிட்டல் அடையாள அட்டை கொடுத்தது. 2005-ல் இணைய வழி வாக்களிப்பைத் தொடங்கியது. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் இணையத்தில்தான் பதிவாயின. இன்னொரு நல்ல ஏற்பாடும் அங்கே உண்டு: உங்கள் மருத்துவப் பதிவை எந்த மருத்துவர் திறந்து பார்த்தார் என்பதை நீங்களே இணையத்தில் பார்க்கலாம்.

4. இதெல்லாம் எனக்குக் கிடைக்குமா?

நாலில் பெரிய கேள்வி இதுதான். சிங்கப்பூரில் 'ஒர்க் பெர்மிட்'டில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மேலே சொன்ன அரசு வீடு கிடையாது. மத்திய சேம நிதி கிடையாது. குடும்பத்தைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளவும் முடியாது. அதே தெருவில் இருக்கும் குடிமகனின் வாழ்க்கைத் தரம் வேறு, இவருடையது வேறு. எஸ்டோனியாவிலும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல், சாம்பல் நிறப் பாஸ்போர்ட்டோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசும் இவர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாது.

ஆக, நாட்டின் சராசரி நமக்கான விடை இல்லை. எந்த விசாவில் போகிறோம், எந்த வயதில் போகிறோம், யாரை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

• மேலே உள்ள நாலு கேள்விக்கும் உங்கள் விசா வகைக்கான பதிலை போனில் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளத்திலிருந்து தங்குமிடம், சாப்பாடு, ஏஜெண்ட் கட்டணம், கடன் தவணை எல்லாம் கழித்து, வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று போடுங்கள்.

• ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள்.

• சிங்கப்பூர் என்றால், அனுமதிக் கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளமும் பிடித்தங்களும் ஏஜெண்ட் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். அனுமதி உண்மையானதா என்பதை அந்நாட்டு மனிதவள அமைச்சின் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். இதை முடித்த பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.